ஸ்டாண்டில் படிந்த நிறங்கள்

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அந்த ஷெட்டில் நிறம் கலக்குவது அக்கா, அடிப்பது தம்பி. கோபம் மட்டும் முழுக்க அக்காவின் இலாகா.

கதவுகளை மாட்டிப் பெயிண்ட் அடிக்கும் இரும்பு ஸ்டாண்டில், வருஷக்கணக்காகத் தெறித்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. பார்க்க அசிங்கம்தான், சந்தேகமே இல்லை. போன மாதம் ஒரு கதவு இடித்து அந்தப் படிவின் ஓரம் பெயர்ந்தது. ஏதோ தோன்றி அந்த இடத்தை அக்கா உப்புத்தாளால் தேய்த்தாள். உள்ளே சிவப்பு, அதையொட்டி வெள்ளை, மயில் நீலம், மறுபடி சிவப்பு என்று வரிவரியாக வளைந்து ஓடின நிறங்கள். அத்தனையும் அவள் கலக்கியவை. ஸ்டாண்டில் படிந்தது முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது.

தம்பியைக் கூப்பிட்டால், "வேலை கிடக்குக்கா, அப்புறம் பாக்கலாம்" என்பான். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனாள். "அந்த ஸ்டாண்ட் எனக்கு வேணும்டா. பத்திரமா வை."

திரும்பி வந்தவள் நேரே ஸ்டாண்டைத்தான் பார்த்தாள். நெருப்பில் சுட்டு, சுரண்டி, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்ஸைடு பூசி, மேலே வெள்ளி நிறமும் அடித்து அதைப் புதுசாக நிறுத்தியிருந்தான் தம்பி. பெயிண்டர் புத்தி. இரும்பைப் பத்திரப்படுத்துவதென்றால் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"இனி துருங்கிற பேச்சே இல்லக்கா" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

"சுரண்டினது எங்கடா?"

"அந்த அழுக்கா? குப்பை வண்டியில போயிடுச்சு."

"அழுக்கா? ஒரு மாசமா வந்து பாரு, வந்து பாருன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, உன் காதுல என்ன, கார் பள்ளத்துல அப்புற பட்டியா வச்சு அடைச்சிருக்கு?"

விறுவிறுவென்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். விளக்குமாற்றுக்குத் தப்பிய ஒரே ஒரு துண்டு சுவரோரம் கிடந்தது. ஆத்திரத்தோடு தேய்த்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

அவன் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். சிரிப்பு நின்றது. "இது அந்த டாக்டர் கார் நீலம்தானே... இது ஸ்கூல் வேன் மஞ்சள்." நகத்தால் ஒவ்வொரு வரியாகத் தடவினான். அவன் ரசிக்க ரசிக்க அவளுக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. இந்தக் கண் போன மாதம் எங்கே போயிருந்தது, பாவி.

"ஓரமெல்லாம் சொரசொரன்னு இருக்குக்கா" என்றான் அவன். "சுத்தமா தேச்சு, மேல ஒரு கோட் அடிச்சுத் தரட்டா?"

அவள் துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதையாவது விட்டு வைடா."