நடவு வரிசையில் ஓர் இடம்

திருப்புலிவனத்தில் சாலையோர வயலில் நாற்றுக் கட்டுகளை இறக்கிவைத்து நிமிர்ந்த கோபால், நடவு வரிசையில் தன் மனைவியைப் பார்த்தான். எல்லாப் பெண்களும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். சிட்டம்மாளின் துண்டுக்குக் கீழே மட்டும் கொண்டை இல்லை.

காலையில் உத்திரமேரூரில் அவளைக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டவனே அவன்தான். வழியில் இங்கேயே இறங்கியிருக்கிறாள். மார்பில் வந்த கட்டியை எடுத்தபிறகு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். இன்றைக்கு அந்த நாள். மருந்துக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. அதன்பின் அவள் எழ முடியாமல் கிடக்கும் நாட்களுக்கும், துணைக்குப் போகிறவன் இழக்கும் கூலிக்கும் எந்த அட்டையும் இல்லை. "நீ வேலைக்குப் போய்யா, நான் தனியா போய்க்கிறேன்" என்று அவள் சொன்னபோது, அதனால்தான் ஒப்புக்கொண்டான். அவன் போகவிருந்த அரிசி ஆலையில் கரண்ட் இல்லை. நாற்று பறிக்க இங்கே வந்திருந்தான்.

வரிசை முடியும்வரை யாரும் கரையேற மாட்டார்கள். அவனைப் பார்த்துவிட்ட சிட்டம்மாள், தலை நிமிராமல் நட்டபடியே பின்னால் நகர்ந்து வந்தாள். வரப்பைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கு இவளுக்கு ஊசி போடணும்க்கா" என்றான் கோபால். கோபமாகச் சொல்ல நினைத்தது அப்படி வரவில்லை.

"அடிப் பாவி! அடுத்த வாரம்னு சொன்னியேடி" என்றாள் நடவுக் கூட்டத்தைக் கூட்டிவந்த எல்லம்மாள்.

"நடவு இருக்கறப்போ சம்பாரிச்சிக்கினாத்தான் உண்டுக்கா. ஊசி போட்டுக்கினா படுத்துக்கினுதான் கெடக்கணும். ஒண்ணு போனா இன்னா இப்போ?"

"இன்னாவா? தேவயானி, கால கழுவு. இவள இட்டுக்கினு போ. பொம்பளைங்களுக்கு பஸ்ல டிக்கெட்டே கெடயாது. ரெண்டு பேரு பங்கும் வூடு வந்து சேரும்."

வயலுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நட்டு, கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் கூட்டம் அது.

சிட்டம்மாள் அசையவில்லை. "போன தபாவும் குடுத்தீங்க. நான் நடாத நடவுக்குப் பங்கு வேணாம்க்கா. அதுக்கு நான் ஊசியே போட்டுக்கல."

கோபால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான்.

"இவ எடத்துல நான் நடுறேன்."

அந்தப் பக்கத்தில் நாற்று பறிப்பதோடு ஆண்களின் வேலை முடிந்துவிடும். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"மாமாவுக்கு ஒரு பொடவ குடுங்கடி!" என்றாள் தேவயானி.

"உனுக்கு நடத் தெரியுமாய்யா?" என்றாள் சிட்டம்மாள். "ஆழமா நட்டா தூர் கட்டாது."

"கோணலா நட்டாலும் நட்ட பங்குதான? நீ போயி ஊசி போட்டுக்கினு வா."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். கோபால் அவளைத் தூக்கி நிறுத்தி, பம்புசெட் வாய்க்காலுக்கு நடத்திப் போனான். குனிந்து அவள் காலின் சேற்றைக் கழுவினான்.

"வுடுய்யா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

பஸ் வந்து நின்றபோது அவன் எல்லம்மாளுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். அவன் நட்டதில் பாதி மிதந்தது. எல்லம்மாள் தன் பங்கை நட்டபடி அவனுடையதையும் ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"மாமா, பின்னால பாம்பு!" பஸ் ஜன்னலிலிருந்து தேவயானி கத்தினாள்.

துள்ளித் திரும்பிய கோபால் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தான். பாம்பு எதுவும் இல்லை. அடுத்த ஜன்னலில் சிட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.