ஏழு நிமிஷப் பள்ளிக்கூடம்

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் வைரஸ். மூன்றாம் வகுப்பிலேயே அப்பாவின் கம்ப்யூட்டரைத் தொட்டு அதைப் படுத்த படுக்கையாக்கியவள். இப்போது பதினொன்றாவது. எதிர்ப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் கிளப் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு இவள்தான் தலைவி. தொண்டர் படை மொத்தமும் ஒரே ஆள், அவள் வகுப்புப் பையன் நெட்டை. அவன் நடந்து வந்தால் முதலில் கழுத்து வரும், கொஞ்சம் பொறுத்து மீதி ஆள் வரும். இரண்டு பேரும் என் வாசலில் நின்று மணிக்கணக்கில் குசுகுசுப்பார்கள். காதலாக இருக்குமோ என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். லூப், எர்ரர், மெமரி. சப்பென்று போய்விட்டது.

கிளப்புக்குப் பள்ளி மாடியில் ஒரு அறை. அதன் ஜன்னல் என் பால்கனிக்கு நேர் எதிரே என்பது என் குற்றமா? கிழட்டுக் கம்ப்யூட்டர்கள், கால் ஒடிந்த நாற்காலி, கொடி போலத் தொங்கும் ஒயர்கள். இந்தச் செல்வத்தின் மேல் விளையாட்டு வாத்தியாருக்கு ஒரு கண். பந்தும் வலையும் போட்டு வைக்க இடம் வேண்டுமாம்.

தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். அதுவரை ஆபீஸ் கிளார்க்தான் ஸ்விட்சைத் தட்டிப் பள்ளி மணி அடிப்பார். அவர் போனில் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு சாயங்காலத்துக்குப் போய்விடும்.

"வெள்ளிக்கிழமை முழுக்க உங்க கம்ப்யூட்டரே பெல் அடிக்கட்டும். ஒழுங்கா அடிச்சா ரூம் உங்களுக்கு. சொதப்பினா சாவி சாருக்கு."

இதை வைரஸின் அம்மா துணி காயப்போடும்போது தானாகத்தான் சொன்னாள். நான் துருவவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சோதித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? ஒரு மணி நேரத்தை ஒரே நிமிடமாக ஓட்டும்படி கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு, மணிக்குப் பதிலாக ஒரு குட்டி பல்பை மாட்டினார்கள். ஒவ்வொரு பீரியடுக்கும் பல்பு கச்சிதமாக மின்னியது. இரண்டும் போட்ட ஆட்டத்தை ஜன்னல் வழியே பார்த்தேன்; நெட்டை குதித்த குதியில் டியூப்லைட் ஊஞ்சலாடியது. அந்தச் சந்தோஷத்தில் பல்பைக் கழற்றி நிஜ மணியை மாட்டினார்கள், கதவைப் பூட்டினார்கள், பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். ஓடுகிற கடிகாரத்தைப் பழையபடி நடக்கவிட வேண்டும் என்பது மட்டும் இரண்டு அறிவுக்கொழுந்துகளுக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியையே மாடியேறிப் பொத்தானை அழுத்தினார். யாரும் உள்ளே உட்கார்ந்து கையால் அடித்து ஏமாற்றக் கூடாதென்று அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மணி அடித்தது. கணக்கு டீச்சர் கரும்பலகையில் தேதியை எழுதினார். மணி அடித்தது. டீச்சர் சாக்பீஸோடு அடுத்த வகுப்புக்குப் புறப்பட்டார். பாதி வழியில் மறுபடி மணி. வராந்தாவில் எட்டு டீச்சர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு, "நான் எங்க போகணும்?" என்று விசாரித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் டப்பாவைத் திறந்தார்கள். வாய்க்குள் போனதை விழுங்குவதற்குள் உள்ளே போகச் சொல்லி மணி. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பள்ளிக்கூட கேட்டுக்கே போய்விட்டேன். பால்கனியெல்லாம் இதற்குப் போதாது.

ஏழாவது நிமிடத்தில் நீளமாக ஒரு மணி. வீட்டுக்குப் போகும் மணி! "ஓ"வென்று பிள்ளைகள் கேட்டை நோக்கிப் பாய, தலைமையாசிரியை கை இரண்டையும் விரித்து நடுவில் நின்றார். வைரஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"மேடம், பயப்படாதீங்க. இனிமே அடிக்காது."

"எப்படிச் சொல்ற?"

"கம்ப்யூட்டருக்கு இப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடம். அடுத்து சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள சாவி குடுத்தீங்கன்னா..."

"லீவெல்லாம் கரெக்டா விடுது மேடம்," என்றான் நெட்டை பெருமையாக. வைரஸ் அவன் காலை மிதித்தாள்.

"சாவியா? உனக்கா?" தலைமையாசிரியையின் குரல் தெருமுனை வரை போனது. "சொன்னா சொன்னதுதான். எங்க விளையாட்டு சார்? கூப்பிடுங்க, சாவியை இப்பவே வாங்கிக்கட்டும்."

வைரஸின் முகம் சுருங்கிப்போனது. வாயாடிப் பெண், குனிந்து தரையைப் பார்த்தாள். மைதானத்தில் தேடினார்கள், ஸ்டாஃப் ரூமில் தேடினார்கள். சாரைக் காணோம்.

எனக்கு நாக்கு அரித்தது.

"நீங்க கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவர் ஸ்கூட்டர்ல போயிட்டாரே மேடம்! கிரவுண்ட்ல நாற்காலி போட்டுக் கண்ணசந்திருந்தார். பெரிய பெல் அடிச்சதும் எழுந்து, சோம்பல் முறிச்சு, என்கிட்ட 'வர்றேங்க'ன்னு சொல்லிட்டு, விசில் அடிச்சிட்டே கிளம்பினார்."

தலைமையாசிரியை போனைப் போட்டார். ஸ்பீக்கரில்தான், புண்ணியவதி.

"எங்க சார் இருக்கீங்க?"

"வீட்லதான் மேடம். இப்பதான் கைலிக்கு மாறினேன்."

"வீட்லயா?"

"பெல் அடிச்சாச்சே மேடம்."

"மணி என்ன சார்?"

போனில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பரிதாபமாக ஒரு குரல்: "அதான் வெயிலே ஏறலையேன்னு பார்த்தேன்."

முதலில் சிரித்தது கணக்கு டீச்சர். அடக்கப் பார்த்தும், மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்புறம் கேட்டில் நின்ற மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்தது. தலைமையாசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"சார், உங்க பந்து, வலை எல்லாத்தையும் உங்க வீட்லயே வச்சுக்குங்க. எப்படியும் நீங்க அங்கதான இருக்கீங்க," என்று போனை வைத்தார்.

சாவியை வைரஸின் கையில் போட்டார்.

"ரூம் உங்களுக்குத்தான், போங்கடி... போங்கடா! முதல்ல எங்களையெல்லாம் இன்னைக்குக் காலைக்குக் கொண்டு வந்து விடுங்க."

வைரஸ் வீலென்று கத்தினாள். படிகளை மூன்று மூன்றாகத் தாண்டி ஓடினாள். பின்னாலேயே நெட்டையும் ஓடினான், இந்தத் தடவை கழுத்தும் ஆளும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன.