பக்கவாசலில் பதினோரு நிமிடம்

டேட்டன் நகர நூலகத்தில் கொடுத்த பெயர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ளவே வெர்லீன் டாலிவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. ஊசி கையில் வழுக்கியது ஒரு காரணம். அட்டையில் அவள் பெயருக்குக் கீழே ‘சமூகத் தலைவர்’ என்று போட்டிருந்தது இன்னொரு காரணம். முப்பத்தோரு வருடமாக அவள் செய்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நின்றது. வருகிறவர்களுக்கு இடம் காட்டுவாள், பாட்டு உச்சத்துக்குப் போய் யாராவது மயங்கிச் சரிந்தால் விசிறுவாள், அழுகிற குழந்தைக்குக் கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுப்பாள். பன்னிரண்டு வருடமாக அந்த வாசல் ஊழியர் குழுவுக்கு அவள்தான் தலைவி. அதற்காக மேடை ஏற்றுவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

“என்ன சிஸ்டர், கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றார் லூசியஸ் ஃப்ரையர்சன். பஸ் ஓட்டுநர் சங்கத் தலைவர். அவரும் இன்றைக்குப் பேசுகிறார். மேடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையில் மூன்றாவது துண்டு எலுமிச்சை கேக்கைத் தட்டில் வைத்திருந்தார். “சாப்பிடுங்க. தலைவர்னா மொதல்ல சாப்பாடு, அப்பறம்தான் பேச்சு.”

“உங்க சங்கத்துல அப்படித்தான்னு டேட்டன் ஊருக்கே தெரியுமே.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். வெர்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகள் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்த நான்கு அட்டைகள் மடியில் இருந்தன. ‘எல்லோருக்கும் இடமுள்ள நாளை: மேற்குப் பக்கத்துக் கறுப்பர் தலைவர்கள் கற்ற பாடங்கள்’ என்று வெளியே பெரிய பதாகை தொங்கியது. கறுப்பர் வரலாற்றைக் கொண்டாடும் பிப்ரவரி மாதமென்றால் இப்படி நாலு கூட்டம் நடக்கும். வெர்லீன் எப்போதும் கேட்கிற பக்கம் உட்கார்ந்து கை தட்டிவிட்டுப் போகிறவள்.

பாஸ்டர் ஹாலிபர்ட்டன் கோட்டில் பனி ஒட்டியிருக்க உள்ளே வந்தார். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டர், கடைசியில நான் ஒரு வார்த்தை பேசுவேன். இப்பவே சொல்லிடறேன், இல்லேன்னா மேடையில மயங்கி விழுந்துடுவீங்க, உங்களுக்கு விசிற ஆளில்லை. பக்கவாசல் சக்கர நாற்காலிச் சரிவுக்கு மேல கூரை போடறோம். சபையில ஓட்டுப் போட்டு முடிச்சாச்சு. வெர்லீன் டாலிவர் வாசல்னு பேர்.”

“ஐயோ பாஸ்டர்” என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பாஸ்டருக்கும் ஊருக்கும் தெரிந்த கதை சின்னது. ஏழு வருடத்துக்கு முன்னால், சக்கர நாற்காலியில் வந்த ரெனீட்டா கெய்தரை வெர்லீன் வாசல் ஊழியத்தில் சேர்த்துக்கொண்டாள். வாசல் ஊழியர் என்றால் நிற்க வேண்டும் என்று நூறு வருடமாக இருந்த வழக்கத்தை மாற்றினாள். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் மூன்று சர்ச்சுகள் மாற்றிக்கொண்டன. அதற்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள், அது அவள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. கதையில் பொய் ஒன்றும் இல்லை. கதைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்டோபர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜெபம் நடக்கும்போது யாரும் உள்ளே நடமாடக் கூடாது, வாசலைத் திறக்கக் கூடாது. இது சட்டம். பெரிய வாசலில் தாமதமாக வருகிறவர்கள் முன்கூடத்தில் நனையாமல் காத்திருப்பார்கள். பக்கவாசல் அப்படியில்லை. சக்கர நாற்காலிக்கென்று சரிவு கட்டிய அந்த வாசலைத் திறந்தால் நேரே வானம்தான். அன்றைக்கு ஜெபித்தவர் சபைப் பெரியவரான மூத்த டீக்கன். ஆதாமில் ஆரம்பித்தாரென்றால் அடுப்பில் வைத்துவிட்டு வந்த இறைச்சி கரிகிற வரை நிறுத்தமாட்டார். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே வெர்லீன் அவளைப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் ஒரு பெண், ஊதா நிறத் தொப்பி, தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் பை. பார்த்துவிட்டுக் கையுறை போட்ட உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். பொறு என்று அர்த்தம். அந்தப் பெண் விரலால் மெல்லத் தட்டினாள். வெர்லீன் கையை எடுக்கவில்லை. வன்மம் ஏதும் இல்லை அவளுக்கு. ஒழுங்காகக் காவல் காக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்ததால் எத்தனை நிமிடம் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆமென் சொன்னதும் கதவைத் திறந்தாள். பிளாஸ்டிக் பை எப்போதோ பறந்துபோயிருந்தது. அந்தப் பெண்ணின் தொப்பியிலிருந்து ஊதாச் சாயம் கன்னத்தில் வழிந்திருந்தது.

“முடிஞ்சுதா? கர்த்தருக்கு எல்லாம் கேட்டிருக்குமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஆராதனை முடியும்வரை ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

இனி வரமாட்டாள் என்றுதான் வெர்லீன் நினைத்தாள். நினைத்தாள் என்ன, வேண்டிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு விளக்குப் போடும் முன்பே ரெனீட்டா வந்து நின்றாள்.

“வாசல் ஊழியத்துல சேரணும். எனக்கு அந்தப் பக்கவாசல் வேணும்.”

“எங்க ஆளுங்க நிக்கணுமே, சிஸ்டர்.”

“நீங்க கால்ல நில்லுங்க. நான் சக்கரத்துல நிக்கிறேன்.”

பாஸ்டரிடம் சொல்லிவிடுவாளோ என்ற பயம். அந்த ஒரே பயத்தில்தான் வெர்லீன் சரி என்றாள். அந்தப் பயத்துக்குத்தான் கேடயம்.

ரெனீட்டா யாரிடமும் சொல்லவில்லை. ஆராதனை நடுவே வாசல் ஊழியர்கள் வாய் திறப்பதில்லை, எல்லாம் கைதான். ஒரு விரல் உயர்ந்தால், இங்கே ஓரிடம் இருக்கிறது, ஒருவரை அனுப்பு. எதிரே நிற்பவர் நெஞ்சில் கை வைத்துத் தெரிந்தது என்று காட்டும்வரை உயர்த்திய கையை இறக்கக் கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதெல்லாம் பிடிபட ஒரு மாதமாகும். ரெனீட்டா ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். ஒரே ஒரு சட்டத்தை மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை. ஜெபம் நடந்தாலும் சரி, வேத வாசிப்பு நடந்தாலும் சரி, பக்கவாசலை யார் தட்டினாலும் திறந்துவிடுவாள். மூத்த டீக்கன் ஒரு மாதம் முறைத்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கப் பழகினார்.

போன டிசம்பரில் வெர்லீனுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆறாவது வாரம் வாக்கரை ஊன்றிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பியவளுக்குத் தாமதமாகிவிட்டது. பனி வீசியது. படி ஏற முடியாது, சரிவுதான் வழி. உள்ளே ஜெபக் குரல் கேட்டது. பொறுக்கத்தான் வேண்டும் என்று சுவரோரம் ஒதுங்கினாள். அவள் தட்டவேயில்லை. கதவு திறந்தது. ரெனீட்டா பழையதைச் சொல்லிக்காட்டவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெர்லீனின் கழுத்துத் துணியிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து வெர்லீனுக்கு நெஞ்சில் நன்றி கனத்துக் கிடந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் அதுதான், படுத்தாலும் அதுதான். நன்றி சொல்ல வேண்டுமென்றால் அந்த மழையைச் சொல்ல வேண்டும். அதனால் இரண்டையும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

இப்போது மேடைக்குப் பின்னாலிருந்த அறையின் கதவைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தாள். நூறு நாற்காலிகளை ஒட்டி ஒட்டிப் போட்டிருந்தார்கள். ரெனீட்டா கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம், கோட் மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தாள். வெர்லீன் அவளிடம் போனாள்.

“ஏன் இங்க இருக்கீங்க? முன்னாடி வாங்க.”

“சக்கரம் நுழைய எடமில்லை. இங்கயும் நல்லாத்தான் இருக்கு, எல்லாரோட கோட்டும் எனக்குப் போர்வை. எல்லாருக்கும் இடமுள்ள நாளைன்னு போட்டிருக்கான் பாருங்க. நாளைக்குத்தானே, இன்னைக்கு இல்லையே.” ரெனீட்டா சிரித்தாள். “போங்க, நல்லாப் பேசுங்க. அழுதீங்கன்னா மட்டும் நான் ஆமென் சொல்ல மாட்டேன்.”

மேடையில் முதலில் லூசியஸ் பேசினார். “முன்னாடி மட்டும் பாத்து ஓட்டுறவன் நல்ல டிரைவர் இல்ல. கண்ணாடியில பின்னாடி ஓடி வர்றவளைப் பாத்து நிறுத்தணும். இருபது வருஷம் நான் நிறுத்தாமப் போயிருக்கேன், எங்க அம்மாவையே ஒருநாள் விட்டுட்டுப் போயிருக்கேன். வீட்டுல சோறு கெடைக்கல” என்றார். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் பேசினார். பிறகு கூட்டத்தை நடத்திய நூலகர் டாம்ரா, “சிஸ்டர் டாலிவர், நீங்க கத்துக்கிட்ட பாடம்?” என்று ஒலிபெருக்கியை நீட்டினாள்.

வெர்லீன் முதல் அட்டையைப் பார்த்தாள். ‘மாற்றத்துக்கு முதலில் கதவைத் திறப்பவரே தலைவர்’ என்று இருந்தது. அட்டைகளைக் குப்புறக் கவிழ்த்தாள்.

“நான் கதவைத் தொறக்கல” என்றாள். “மூடினேன்.”

கூட்டத்தில் ஒரு கிழவர், “நிதானமாச் சொல்லும்மா” என்று குரல் கொடுத்தார். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். மழையைச் சொன்னாள், கண்ணாடியில் வைத்த கையைச் சொன்னாள், பதினோரு நிமிடம் என்று சொன்னாள். “பயந்துதான் சேத்துக்கிட்டேன். பெரிய மனசெல்லாம் இல்ல. எனக்கு எது தெரியுமோ அதெல்லாம் அவங்க அந்தக் கதவுல உக்காந்து எனக்குக் காட்டினது. ஏழு வருஷம் என்னைக் காட்டிக் குடுக்காம இருந்தாங்க. நான் தட்டறதுக்கு முன்னாடியே எனக்குத் தொறந்தாங்க. எனக்கு அதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நன்றின்னு ஒரு வார்த்தைதான் இருக்கு, அதையும் இவ்வளவு நாள் சொல்லாம வெச்சிருந்தேன். நன்றி. பாஸ்டர், அந்தக் கூரைக்கு என் பேரு வேண்டாம்.”

பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை. அப்போது பின்னாலிருந்து ரெனீட்டாவின் குரல் வந்தது.

“நனைஞ்சது நான்தான். பன்னெண்டு நிமிஷம். உங்க கடிகாரம் மெதுவா ஓடும். அந்தத் தொப்பி எங்க அம்மா வாங்கித் தந்தது, தெரியுமா?”

சிலர் சிரித்தார்கள், சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். ரெனீட்டா சிரிக்கவில்லை.

“தெரியாது” என்றாள் வெர்லீன்.

அவள் ஒலிபெருக்கியை டாம்ரா கையில் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். புது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது. முன்வரிசை நடுவில், பேச்சாளர் குடும்பத்துக்கென்று காகிதம் ஒட்டியிருந்த நாற்காலியைத் தூக்கிப் போய்ச் சுவரோரம் வைத்தாள். இன்னொன்றையும் தூக்கினாள். சொல்லாமலே ஜனங்கள் எழுந்து நடைவழியோரத்து நாற்காலிகளை இழுத்துக்கொண்டார்கள். தரையில் நாற்காலிக் கால்கள் கிறீச்சிட்டன. பின்சுவர் வரை வழி விழுந்தது. வெர்லீன் அந்த வெற்றிடத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். வலது கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினாள்.

நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்ல ரெனீட்டாவுக்கு ஒரு நொடி போதும். அவள் வைக்கவில்லை. குனிந்து மடியிலிருந்த கைப்பையைத் திறந்து, வெள்ளைக் கையுறைகளை வெளியே எடுத்தாள். ஒன்றை மடியில் விரித்துச் சுருக்கம் நீவினாள். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல் மாட்ட ஆரம்பித்தாள். தோள் கடுக்கக் கடுக்க, வெர்லீன் கையை இறக்காமல் நின்றாள்.