மூன்று தண்ணிச் சுறா

துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு, செத்துப்போன மாமனாரின் வெள்ளை அங்கியை இவாலு கும்மிக்கொண்டிருந்தாள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற அங்கி. இன்று பெட்டிக்குள் போவதற்கும் அதுதான். ஒரு முழு சோப்பு கரைந்து உயிரை விட்டிருந்தது. சுறா நாற்றம் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. சோப்பு மணமும் சேர்ந்துகொண்டதில், குளித்து முழுகி வந்த சுறாவைப் போல முன்னைவிடத் தெம்பாக நாறியது.

மாமியார் போலெத்தே கதவருகில் வந்து நின்றாள். அவள் பேசியது மருமகளிடம் இல்லை. மருமகளின் நிறைமாத வயிற்றிடம்.

"பாத்தீங்களா ஏனோக், உங்க சட்டைய செத்த எலியப் புடிக்கிற மாதிரி ரெண்டு விரல்ல புடிக்கிறா."

"அத்தே, வயித்துகிட்ட பேசாதீங்க."

"நான் என் புருஷன்கிட்ட பேசுறேன். உனக்கென்ன வந்துச்சு?"

ஊர் வழக்கம் அது. செத்தவரின் பெயர் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்குப் போகும். பெயரோடு ஆளும் வந்துவிடுவார் என்று நம்பிக்கை. அப்புறம் அந்தப் பிள்ளையைச் செத்தவரின் முறை சொல்லியே எல்லாரும் கூப்பிடுவார்கள். தொட்டிலில் கிடப்பதைப் பார்த்துப் போலெத்தே 'ஏங்க' என்பாள். இவாலுவுக்கு அதை நினைத்தாலே குமட்டியது. அவள் லூகாஸ் என்று ஒரு பெயர் பார்த்து வைத்திருந்தாள். எந்த மீனோடும் சம்பந்தமில்லாத, பவுடர் போட்ட மாதிரியான பெயர். அடக்கம் முடிந்து காப்பிக்கு உட்காரும்போது ஊரே அவள் வயிற்றைப் பார்த்து ஏனோக் என்று கூப்பிடும். இல்லை, இவன் வேறு ஆள் என்று அங்கேயே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

ஏனோக் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை. நாறினார், அவ்வளவுதான். ஆனால் நாறினார் என்றால், அவர் தெருமுனையில் திரும்பும்போதே இங்கே பால் திரியும். ஹாலிபட் மீனுக்காக, கடல் உறைந்து கிடக்கும் கடல்பனியில் துளை போட்டு, மலையைத் தலைகீழாக இறக்கினாலும் தரை தட்டாத ஆழத்துக்குத் தூண்டில் இறக்குவார். சூரியன் எட்டிப் பார்க்காத அந்தக் குளிர் இருட்டில்தான் சுறாக்கள் குடியிருந்தன. மாட்டியிருக்கிற ஹாலிபட்டை எல்லாம் சாவகாசமாகத் தின்றுவிட்டு, கயிற்றையும் உடம்பில் சுற்றிக்கொண்டு, இழுத்தால் மூட்டை மாதிரி சும்மா வரும். சறுக்குவண்டியை விட நீளம். உப்புத்தாள் மாதிரித் தோல். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வெள்ளைப் புழு கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு, அந்தக் கண்ணையே மேய்ந்துகொண்டிருக்கும். மூத்திரத்தை உடம்பு முழுக்கச் சதையிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிற பிராணி. அழுகிய சீல், செத்த நாய், தன் இனத்துச் சுறா, எது கிடைத்தாலும் முழுங்கும்.

"நூத்தம்பது வருஷம் கழிச்சுத்தான் இதுல பொட்டை வயசுக்கு வருமாம்," என்பார் ஏனோக், ரத்தக் கையோடு கேக்கை எடுத்தபடி. "அதுக்கப்புறம்தான் புள்ளையெல்லாம். நம்ம தோபியாஸ் பொறுப்புக்கு வர அதவிட லேட்டாகும்."

மகன் தோபியாஸும் சேர்ந்து சிரிப்பான். இவாலு எழுந்து போய் வாந்தி எடுப்பாள். பிறகு அந்தக் கேக் இருந்த தட்டையே தூக்கி எறிவாள்.

அவர் செத்த விதமும் அப்படித்தான். ஒரு சுறாவைப் பனிமேல் இழுத்துப் போட்ட கையோடு நெஞ்சு நின்றுவிட்டது. தோபியாஸ் தேடிப் போனபோது, அப்பா சுறாமேல் சோபாவில் சாய்கிற மாதிரி சாய்ந்திருந்தார். சுறா இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். வேறென்ன செய்வான்? நாய்களுக்குத் தீனி வேண்டுமே.

அந்தச் சுறாவை வேகவைப்பது இவாலுவின் தலையில் விழுந்தது. பச்சையாகப் போட்டால் நாய்களுக்குப் போதை ஏறும். வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, திரும்ப வேகவைத்து, மூன்று தண்ணி மாற்ற வேண்டும். முதல் தண்ணி கொதித்ததும் எழுந்த ஆவியில் அவளுக்குக் கண் எரிந்து, குடல் வாய்க்கு வந்து, பிறக்காத பிள்ளைகூடத் தும்மியதாகத் தோன்றியது. அடுப்பை அணைத்துவிட்டாள்.

"மூணு தண்ணி ஆச்சா?" என்று தோபியாஸ் கேட்டான்.

"ஆச்சு," என்றாள், கிளிப் போட்ட மூக்கால். அவன் அண்டாவோடு தூக்கிப் போய் நாய்களுக்குப் போட்டான்.

கோயிலில் ஜெபமும் பாட்டும் முடிந்து, வெள்ளைப் பெட்டியைச் சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு ஊர்வலம் கடல்பனியில் இறங்கியது. ஊர்ப்பக்கம் வெறும் பாறை. மண் உறைவதற்கு முன் கோடையிலேயே தோண்டி வைத்த கல்லறைக் குழிகள் விரிகுடாவுக்கு அக்கரையில் இருந்தன. பாதித் தூரம் நாய்கள் ஒழுங்காகத்தான் இழுத்தன. பிறகு தலைவி நாய் கொஞ்சம் சாய்ந்தது. பக்கத்து நாய்மேல் இடித்துக்கொண்டது. உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது. இன்னொன்று ஒரு பனிக்கட்டியை முகர்ந்து பார்த்து, அதைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற மாதிரி வாலாட்டியது. அடுத்தது நாலு காலையும் நாலு திசைக்கு விரித்துக் குப்புறப் படுத்தது. சாட்டைச் சத்தத்துக்கு ஒன்று மட்டும் எழுந்தது. எழுந்து, ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

உபதேசியார் ஆமோஸ் பாட்டுப் புத்தகத்தை மூடினார். "என்ன தோபியாஸ், எல்லாம் தண்ணி போட்டிருக்கா?"

"ஏனோக் போறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு வாங்கிக் குடுத்துட்டார்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சிரிப்பு பெட்டிவரைக்கும் வந்து அடங்கியது.

போலெத்தே மட்டும் சிரிக்காமல் மருமகளைப் பார்த்தாள். "எத்தனை தண்ணி மாத்துனே?"

இவாலு காலடிப் பனியைப் பார்த்தாள். "மாத்தவே இல்ல அத்தே. ஒரு கொதிதான். கொமட்டிடுச்சு."

எல்லார் காதிலும் விழுந்தது. தோபியாஸின் கழுத்து சிவந்தது.

போலெத்தே பெட்டிமேல் சரிந்திருந்த பூவை நேராக்கினாள். "உனக்குக் கொமட்டும்னு அவருக்கும் தெரியும். அதான் நீ உண்டானதுலேர்ந்து உன் வீட்டுக்குள்ளயே வரல."

"யாரு?"

"யாரா? மாசக்கணக்கா உன் சன்னலுக்கு வெளிய நின்னு காப்பி குடிச்சது யாருன்னு நெனச்சே? உள்ள வாங்கன்னா, புள்ளத்தாச்சி இருக்கா, நான் நாறுறேன்னு சொல்வார். மிச்சக் காப்பிய வாசல்லயே ஊத்துவார். அது ஐஸாகி, வழுக்கி விழுந்து இடுப்பு புடிச்சுக்கிட்டது எனக்கு."

இவாலு அவரைப் பார்த்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மீசையில் காப்பியும் சளியும் உறைந்து தொங்க, சுறா மாதிரி அசையாமல் நின்றவரை. அருவருத்துத் திரையை இழுத்து விட்டிருந்தாள்.

ஆண்கள் நாய்களை அவிழ்த்துவிட்டு வார்களைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

"இதுகள இப்படியே விட்டா பனி வெடிப்புல விழுந்துடும். யாராவது இருக்கணும்," என்றான் தோபியாஸ், அவளைப் பார்க்காமல்.

"நான் இருக்கேன்."

வண்டி கிரீச்சிட்டு நகர்ந்தது. போலெத்தே திரும்பிப் பார்க்காமல் பின்னால் போனாள். பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. வெள்ளைப் பனியில் வெள்ளைப் பெட்டி முதலில் மறைந்தது. இழுக்கிறவர்கள் மட்டும் ஏதோ கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு மல்லுக்கட்டுகிற மாதிரி தெரிந்தார்கள்.

இவாலு பனியில் உட்கார்ந்தாள். தலைவி நாய் தள்ளாடி வந்து, அவள் பூட்ஸ்மேல் முழுசாக வாந்தி எடுத்தது. சாம்பல் நிறத்தில், நார்நாராக, ஆவி பறக்க. இன்னொரு நாய் ஊர்ந்து வந்து அதை நக்கித் தின்னப் பார்த்தது. அவள் கையுறையால் அள்ளித் தூர எறிந்தாள். பிள்ளை உள்ளேயிருந்து விலாவில் ஓங்கி ஒரு உதை விட்டது.

"கொஞ்சம் பொறுங்க மாமா," என்றாள். "இதுக எந்திரிக்கட்டும்."

தலைவி நாய் அவள் மடியில் தலையை வைத்தது. தாடையிலிருந்து மூத்திர நாற்றம் அடிக்கிற எச்சில் அவள் பாவாடையில் இறங்க, கண்ணை மூடாமலே குறட்டை விட ஆரம்பித்தது.