கறிக்கு மூன்று மீன்

"இந்தாங்க அண்ணன், கறிக்கு வச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லி என் கணவர் ஃபஸ்லான் மூன்று மர மீன்களைப் பஸ்தியான் அண்ணனின் பக்கம் தள்ளிவிட்டார். அண்ணன் தலையில் கை வைத்தார். அவர் முன்னால் ஏற்கெனவே நாலு மீன் கிடந்தது. எங்கள் விளையாட்டில் ஐந்துக்கு மேல் மீன் வைத்திருப்பவருக்குச் சுற்று முடிகிறபோது அத்தனையும் அழுகிப்போகும். "பாவி, இதுக்குத்தானா இவ்வளவு நேரமும் சிரிச்சுக்கொண்டு இருந்த நீ" என்று அண்ணன் புலம்ப, அவர் மனைவி மக்டலின் அக்கா சொந்தப் புருசன் கவிழ்ந்ததற்குக் கைதட்டினார். ஃபஸ்லான் கதிரையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுதாகத் திறந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மட்டும்தான் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கடலுக்குப் போகமாட்டார். காலையில் கோயில், மதியம் சாப்பாடு, கொஞ்சம் நித்திரை, பிறகு அக்காவையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் வேலை செய்கிற பார்மசி அன்றைக்கு மதியத்தோடு பூட்டு. ஃபஸ்லானுக்குப் படகு எஞ்சின் திருத்துகிற வேலை. கையில் ஒட்டியிருக்கும் கறுப்பு எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, விறாந்தையில் மேசையைப் போட்டுப் பலகையை விரிப்பார். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சீட்டுகள் பறக்காமல் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சிப்பியை வைப்போம். உள்ளே போய் விளையாடலாம்தான். ஆனால் கற்பிட்டியில் காற்றுக்குப் பயந்தால் வருசத்தில் பாதி நாள் உள்ளேதான் இருக்க வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது பெரிய கதை, அதை முழுதாகச் சொல்ல இது இடமில்லை. இரண்டாவது முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு திரும்பி வந்த நாளிலிருந்து இந்த மனுசன் என்னைக் கண்ணாடிச் சாமானைப் போல் கையாளத் தொடங்கினார் என்பதை மட்டும் சொல்கிறேன். குரலை உயர்த்திப் பேசமாட்டார். கறியில் உப்புக் கூடினாலும் சொல்லாமல் சாப்பிடுவார். சண்டைக்கு வராத புருசனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடமாவது சொன்னால் எனக்குத்தான் பைத்தியம் என்பார்கள். மேசையில் உட்கார்ந்தால் மட்டும் பழைய ஃபஸ்லான் வெளியே வருவார். ஏமாற்றுவார், கத்துவார், வம்புக்கு இழுப்பார். ஆனால் அங்கேயும் ஒரு குறை உண்டு. அண்ணனுக்கு மீன் தள்ளுவார், அக்காவுக்குத் தள்ளுவார், எனக்கு மட்டும் ஒருநாளும் தள்ளியதில்லை. நான் எப்போதும் இரண்டாவதாக வருவேன். என்னைத் தோற்க விடவும் மாட்டார், வெல்ல விடவும் மாட்டார்.

அந்த விளையாட்டுப் பெட்டி எங்களிடம் வந்ததே அக்காவால்தான். காற்றுக் காலத்தில் கடலில் பட்டம் பிடித்துப் பாய்வதற்கு வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஹோட்டல் ஒன்றில் அவர் சமையல். யாரோ ஒரு ஜெர்மன்காரர் விட்டுவிட்டுப் போன பெட்டியை, எறியப் போன இடத்தில் மறித்து வாங்கி வந்தார். மூடியில் சிவப்புப் பாய் கட்டிய படகு. உள்ளே பலகை, படகுகள், குட்டி வீடுகள், மர மீன்கள். மழையில் நனைந்து ஒட்டிப்போன விளக்கப் புத்தகத்தில் நாலைந்து படங்கள்தான் தேறின. "படத்தப் பாத்தா விளங்காதா? எஞ்சினுக்கு மட்டும் நான் என்ன புத்தகம் படிச்சா செய்றன்?" என்றார் ஃபஸ்லான். காணாமல் போன மீன்களுக்குப் பதில் புளியங்கொட்டை போட்டோம். மூன்று வீடு கட்டுகிறவருக்கு வெற்றி என்பது படத்திலேயே தெரிந்தது. துறைமுகத்துக்குப் படகு வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் இரண்டு கைகளும் நடுவில் மூன்று மீனும் இருந்தன. மற்றதெல்லாம் கறைபட்டு அழிந்துவிட்டது. அதைப் பார்த்து எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படகு கரைக்கு வந்தால், துறையில் நிற்கிற ஆளை வெறும் கையோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கறிக்கு என்று இரண்டு மூன்று மீனை எடுத்து நீட்டுவார்கள். அள்ளு கொள்ளையாக மீன் பட்ட நாளில் வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். ஆகவே துறைமுகத்துக்கு வந்தால் மூன்று மீன் கொடுக்கலாம் என்று எழுதாமலே சட்டமாகிவிட்டது. கொடுத்தே ஆளைக் கவிழ்க்கிற வித்தையை ஃபஸ்லான் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

இந்த வருசம் கொழும்பில் பலகை விளையாட்டுக்காரர்களின் கன்வென்ஷன் ஒன்று நடக்கப்போவதாக ஃபேஸ்புக்கில் வந்தது. அறிவித்தலின் மூலையில் எங்கள் சிவப்புப் பாய்ப் படகு. அந்த விளையாட்டுக்குப் போட்டியும் உண்டாம். ஃபஸ்லான் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டார். கடைக்கு எஞ்சின் கொண்டு வருகிறவர்கள், பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்கிறவர்கள், ஐஸ் லொறிக்காரர் என்று ஒருவரையும் விடாமல் சொன்னார். "கப்போடதான் வருவன், பாருங்க." நான் அடக்கிவிடப் பார்த்தேன். ஆனால் அவர் இவ்வளவு சந்தோஷமாகத் திரிந்து கனகாலம். வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் நாலு பேரும் விடியப் பஸ் ஏறினோம். அக்கா பாணும் மாசிச் சம்பலும் கட்டி வந்திருந்தார். வெள்ளவத்தையில் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேசைக்கு மேசை ஆட்கள். தாடி வைத்தவர்கள், பர்தா போட்டவர்கள், அம்மா அப்பாவோடு வந்தவர்கள், வேலைக்குப் போகிற உடுப்போடு வந்தவர்கள். ஒருவர் பகடையை உருட்டுவதற்கு முன் ஊதிக்கொண்டார். இன்னொருவர் தோற்றுவிட்டு மேசையில் நெற்றியை வைத்துக் கிடந்தார். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் எல்லாம் கலந்து ஒரே இரைச்சல். ஊரில் எங்களைப் பார்த்து, பெரிய ஆட்கள் பிள்ளைகளின் சாமானை வைத்து விளையாடுகிறார்கள் என்று சிரிப்பார்கள். இங்கே எல்லோரும் எங்களைப் போலத்தான். அக்கா என் கையைப் பிடித்து, "தங்கச்சி, நமக்கு மட்டும் இல்லடி இந்த விசர்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஃபஸ்லானின் மேசையில் இன்னும் மூன்று பேர். எதிரில் றுமானா என்றொரு பெண். தெஹிவளையில் இருந்து வருகிறாளாம், கம்பஸில் படிக்கிறாளாம். நான் இவருக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. இவருடைய படகு முதலில் துறைமுகத்தைத் தொட்டது. றுமானா முன்னால் நாலு மீன் கிடந்ததை இவர் கவனித்துவிட்டார் என்பது கழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. கை நிறைய உற்சாகத்தோடு மூன்று மீனைத் தள்ளினார்.

"இந்தாங்க தங்கச்சி, கறிக்கு."

அந்தப் பெண் மீனையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானா" என்று இவரைக் கூப்பிட்டாள். "ஏன் எனக்குத் தாறீங்க? நீங்க எங்கக்கிட்டருந்து எடுக்கணுமே."

நடுவராக நின்ற தம்பி கிழியாத விளக்கப் புத்தகத்தைக் கொண்டு வந்து விரித்தான். அதே இரண்டு கைகள், அதே மூன்று மீன்கள். நடுவில் ஓர் அம்புக்குறி, எடுக்கிறவரின் பக்கம் திரும்பி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பி மரியாதையாகவே விளங்கப்படுத்தினான். றுமானா மீனைத் திருப்பிக் கொடுத்து, "பரவால்ல, நீங்க திரும்ப ஆடுங்க" என்றாள். ஆனால் இவருடைய கை அதற்குப் பிறகு ஓடவில்லை. பிற மனுசரின் மீனைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தயங்கினார். மற்றவர்கள் தயங்கவில்லை. ஒரு வீடுகூடக் கட்டாமல் கடைசியாக வந்தார். எழும்பிக் கைகொடுத்துவிட்டு, வெளியே போய் வெயிலில் நின்றார்.

அக்காவைத் தேடிப் போனால் அவர் முன்பின் தெரியாத ஆட்களோடு உட்கார்ந்து, பூனைகளுக்குச் சாப்பாடு போடுகிற ஏதோ ஒரு விளையாட்டில் முந்திக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் நின்று பிழை பிழையாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களைக் கிளப்பிக்கொண்டு வருவதே பெரும்பாடாகிவிட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் இவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். சிலாபம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இவ்வளவு காலமும் பிழையாத்தான் விளையாடி இரிக்கிறம், ஸஃப்னா."

"அதுக்கு என்ன? நல்லா இருந்திச்சுதானே."

"நான் கெட்டிக்காரன் எண்டு நினைச்சன்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டி அலுமாரிக்கு மேலே போனது. அடுத்த ஞாயிறு அண்ணன் போனில் கோல் எடுத்தபோது இவர் கடையில் வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அதே வேலை. ஒரு வேலையும் இருக்கவில்லை. பூட்டிய கடைக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்து, "நல்லா இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் படுப்பார். நான் சீனி போட மறந்த அன்றைக்கும் நல்லா இரிக்கி என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. வாரத்தில் ஒரு பின்னேரமாவது என்னிடம் வந்துகொண்டிருந்த மனுசன் இனி அதற்கும் வரப்போவதில்லை என்ற பயம். கப் போனால் போகட்டும், எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு நானே அக்காவுக்குக் கோல் எடுத்து வரச் சொன்னேன். கதிரையில் ஏறிப் பெட்டியை இறக்கி, விறாந்தையில் பலகையை விரித்து, சீட்டுகளின் மேல் சிப்பிகளை வைத்தேன். இவர் கதவடியில் வந்து நின்று பார்த்தார்.

"என்னத்துக்கு இதெல்லாம்?"

"சரியான சட்டத்துக்கு விளையாடப் போறம். நெட்டிலருந்து எடுத்து வச்சிரிக்கன். வாங்க."

அக்காவும் அண்ணனும் வந்துவிட்டதால் மரியாதைக்கு வந்து உட்கார்ந்தார். அம்புக்குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை நான் வாசித்துக் காட்டினேன். எடுக்கலாம், யாரிடமிருந்தும் மூன்று. அண்ணன் முதல் வேலையாக அக்காவின் மீனை எடுத்தார். "இஞ்ச பார், சொந்தப் பெண்சாதிட வயித்தில அடிக்கிற மனுசன!" என்று அக்கா கத்த, "நான் இல்லடி, சட்டம்" என்றார் அண்ணன். ஃபஸ்லான் சிரிக்கவில்லை. தன் படகைத் துறைமுகத்துக்குக் கிட்டவும் கொண்டு போகாமல் சும்மா தள்ளிக்கொண்டிருந்தார்.

என் படகு துறைமுகத்துக்கு வந்தது. எனக்கு இரண்டு வீடு இருந்தது, கையில் இரண்டு மீன். இவர் முன்னால் ஐந்து மீன் கிடந்தது. அண்ணனிடமும் அக்காவிடமும் கூட எடுத்திருக்கலாம். நான் கையை நீட்டி இவருடைய மூன்று மீனை எடுத்தேன். ஒவ்வொன்றாக, முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன்.

"என்டதையா எடுக்கிறாய்?"

"ஓம். ஏன், உங்களுக்குப் பாவம் பாக்கணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அப்படி நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். என் முன்னால் சரியாக ஐந்து மீன். அடுத்த சுற்றில் சந்தைக்குப் போய் ஐந்தையும் விற்றால் மூன்றாவது வீடு. இந்த மேசையில் முதல் தடவையாக நான் வெல்லப்போகிறேன் என்பது அக்காவுக்கும் விளங்கிவிட்டது. என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினார்.

இவருடைய முறை வந்தது. பகடையை எடுத்தார், கையில் வைத்துக் குலுக்கினார், உருட்டினார். படகைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார். வழியில் பிடித்ததோடு சேர்த்து அவரிடம் மூன்று மீன் இருந்தது. என்னுடையதை எடுக்கப்போகிறார் என்று நினைத்து நான் கையால் மறைத்தேன். அவர் தன்னுடைய மூன்றையும் விரல்களால் கூட்டிச் சேர்த்து, பலகைக்கு மேலால் என் பக்கம் தள்ளினார்.

"இந்தா, கறிக்கு வச்சுக்கொள்."

"தம்பி, சட்டம்!" என்று அண்ணன் எழும்பினார். "எடுக்கத்தான் ஏலும், குடுக்க ஏலாது!"

"சட்டத்தக் கொண்டு போய் அலுமாரிக்கு மேல வைங்க."

"ஒங்களுக்குக் கொஞ்சமும் வெக்கம் இல்லயா? தோக்கப் போறன் எண்டதும் கள்ள ஆட்டம் ஆடுறீங்க!" என்று நான் கத்தினேன். தெருவுக்குக் கேட்கிற மாதிரித்தான் கத்தினேன்.

"நீதானே என்ட மீனக் களவெடுத்தாய்! திண்டு பாரு எட்டையும்!" என்று அவரும் கத்தினார். பிறகு கதிரையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துக் களப்புப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து சிப்பியைப் புரட்டிச் சீட்டுகளைக் கிளப்பியது. அக்கா ஒரு பக்கம் ஓடினார், அண்ணன் முற்றத்தில் இறங்கி ஓடினார். நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை. அழுகப் போகிற எட்டு மீனும், அதில் இரண்டு புளியங்கொட்டை, என் முன்னால் குவிந்து கிடந்தன. அவற்றைக் காற்று கொண்டுபோகாமல் நான் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.