கெண்டைக்கால்

முழங்கால் இரண்டும் நிமிரமாட்டேன் என்றன. சென்னகேசவனைக் குளிப்பாட்டி வாசலில் பலகை மேல் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியாக வேண்டும். பெரியப்பா பாலுசாமி ஒரு முழங்காலை அமுக்கினால் மற்றது எழும்பியது. வருசக்கணக்காக நாற்காலியில் மடங்கியே கிடந்த கால்கள், செத்த பிறகு மட்டும் சொன்னபடி கேட்குமா என்ன? அவர் முழங்கையை ஊன்றி உடம்பின் பாரத்தையே இறக்கப் போனார்.

"பெரீப்பா, உட்டுருங்க. அவனுக்கு வலிக்குமுங்க," என்றாள் ராமாமணி.

செத்தவனின் அக்கா அவள். போத்தனூரில் வாக்கப்பட்டவள், தந்தி கிடைத்ததும் மகன் ராஜுவைத் தூக்கிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்கு ரயிலேறி வந்திருந்தாள். பாலுசாமி கையை எடுத்துக்கொண்டார். மடங்கிய கால்களின் மேலேயே கோடித்துணியைப் போர்த்தினார்கள்.

பெண்கள் பழசைப் பேசி அழுதார்கள். பேசுவதற்கு அந்தக் கால்களை விட்டால் வேறென்ன இருந்தது? அஞ்சு வயதில் அவனுக்குப் பயில்வான் கெண்டைக்கால். அப்பா திருமலைசாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் தட்டித் தட்டிக் காட்டுவார். அம்மா தினமும் நல்லெண்ணெயில் பச்சை முட்டை அடித்துக் கொடுத்தாள். பிறகு அவன் நடக்கும்போதே விழ ஆரம்பித்தான். இவ்வளவு பெரிய காலை வைத்துக்கொண்டு விழுகிறானே, சோம்பேறி என்று அப்பா காலையில் தண்டால் எடுக்க வைத்தார். தரையிலிருந்து எழ அவன் படும் பாடு ராமாமணிக்கு வேடிக்கையாக இருக்கும். கையைத் தரையில் ஊன்றுவான், அப்புறம் முழங்காலில், அப்புறம் தொடையில். தன் உடம்பின் மேலேயே ஏறி நிமிர்வான். 'தாத்தா எந்திரிக்கறாரு' என்று அவளும் செய்து காட்டிச் சிரிப்பாள். அமராவதி அணை கட்டி முடித்தபோது எல்லாரும் பார்க்கப் போனார்கள். அவன் அப்பாவின் முதுகில்தான் திரும்பி வந்தான்.

இரண்டு வருசம் முன்பு மதராஸ் ஆஸ்பத்திரியில் கெண்டைக்காலில் ஒரு துணுக்கு வெட்டிப் பார்த்தார்கள். அப்பா உள்ளே தம்பியோடு இருந்தார். டாக்டரம்மா ராமாமணியை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"அது சதையில்லம்மா, கொழுப்பு. ஒவ்வொரு தசைநாரையும் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. அது சரியா இருந்தாத்தான் சதை அழியாம இருக்கும். இவனுக்கு அதுலதான் கோளாறோன்னு நினைக்கிறோம். என்ன கோளாறுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

முட்டையால் பிரயோசனமில்லை, தண்டால் இன்னும் கெடுதல் என்றாள். தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வரும் நோய் என்றாள். பிறகு, உனக்குப் பையன் உண்டா, ஒரு நடை கூட்டி வா என்றாள்.

"கூட்டியாந்தா மருந்து இருக்குங்களா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ராமாமணி கூட்டிப் போகவில்லை. புருசனிடம்கூட வாய் திறக்கவில்லை. ராஜு தரையில் உட்கார்ந்தால், அவன் எழுவதற்குள் ஓடிப்போய் இடுப்பில் தூக்கிக்கொள்வாள். அவன் எப்படி எழுகிறான் என்று பார்க்க அவளுக்கு நெஞ்சில் தெம்பில்லை. நாலரை வயசுக் கடாவை இடுப்பிலேயே சுமக்கிறாள் என்று புருசன் கேலி செய்தான். செய்துவிட்டுப் போகட்டும்.

பாடையைத் தூக்கும் நேரம் வந்தது. அம்மா வெங்கடம்மாள் மகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். அந்தப் பிடிக்குள்ளிருந்து ராமாமணி வாசலைப் பார்த்தாள். குளிப்பாட்டிய தண்ணீர் தேங்கிய சேற்றில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து ராஜு விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் குனிந்து அவன் காலைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமனாட்டமே கெண்டக்காலு. போனவனே வந்து நிக்கறான் பாரு அம்மணி."

பாடை கிளம்பியது. வழியை விட்டு எழுந்து வரும்படி யாரோ ராஜுவைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, உடுங்க," என்றாள் ராமாமணி. அம்மா இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ராஜு தானாகவே எழுந்து, தாயிடம் நடந்து வந்தான். சட்டை கசங்கியிருந்தது, முகத்தில் சிரிப்பு. முழங்கால் இரண்டிலும் சேற்றுக் கை பதிந்திருந்தது. அதற்கு மேலே தொடையில் ஒன்று. அதற்கும் மேலே இன்னொன்று.