சனிக்கிழமை மத்தியானம்

வருஷத் திதி முடிந்த கையோடு, புரட்டாசி சனிக்கிழமையில் செல்லியம்மாள் தன் இரண்டு மருமகள்களையும் தாம்பரத்திலிருந்து திருநீர்மலைக்கு அழைத்து வந்தாள். மூத்தவள் கிளியம்மாளின் கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் இளையவள் குமுதாவின் தாலி.

சென்ற வருஷம் புருஷன் ஜெயவேலு டைபாய்டில் கிடந்தபோது குமுதா நேர்ந்துகொண்டது அது. "ரங்கநாதா, அவரை எழுப்பிக் கொடு. என் தாலியைக் கழற்றி உன் உண்டியலில் போடுகிறேன்."

எழுந்துவிட்டான். ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கும் போனான். தாலிதான் உண்டியலுக்குப் போகவில்லை. அந்த வருஷமே ஆவணி மழையில் ஒரு மாலை, தண்டவாளத்தைக் கடந்தவனை மின்சார ரயில் அடித்துப் போட்டது.

மலையடியில் குமுதா மெல்லக் கேட்டாள். "அத்தை, நானே போட்டுட்டு வந்துடறேனே. வேண்டிக்கினது நான்தானே?"

"நல்லா கீது நாயம்! தாலி காணிக்கை சுமங்கலி கையாலதான் போடணும். இத்தினி பொம்பளைங்க மஞ்சத் தட்டோட ஏறிக்கினு இருக்காங்க. எதிர்ல நீயும் நானும் போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

செல்லியம்மாளும் தாலி இழந்தவள்தான்.

கிளியம்மாள் முடிச்சை நீட்டினாள். "ஒரு தரம் தொட்டுக் குடு, குமுதா."

"தொடாதே!" என்றாள் செல்லியம்மாள்.

குமுதா நீட்டிய கை பாதியிலேயே திரும்பிவிட்டது. கிளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினாள்.

மற்ற இருவரும் குளக்கரையில் உட்கார்ந்தார்கள். திடீரென்று செல்லியம்மாளின் குரல் உடைந்தது.

"ஏண்டி தள்ளிப்போட்டே? அன்னிக்கே போட்டிருந்தா எம்புள்ள இருந்திருப்பானே. ஒரு வார்த்தை சொல்லு. நகை மேல ஆசையா?"

தள்ளிப்போட்டவன் ஜெயவேலு. "வெறும் மஞ்சக் கயிறோட உன்ன மலையிலேர்ந்து கூட்டினு வர எனக்கு மனசு வரல புள்ள. போனஸ் வரட்டும். புதுசு செஞ்சி நானே கட்டிட்டு, அப்பறம் இதைப் போடலாம். சாமி கோச்சிக்கினா என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன்" என்று சிரித்தான். சொல்லும்போதே அவள் கழுத்துச் சரட்டை ஒழுங்குபடுத்தினான்.

இதைச் சொல்லிவிடலாம். ஒரு வருஷமாகக் கேட்ட ஏச்செல்லாம் இந்த இடத்திலேயே நின்றுபோகும். ஆனால் கிழவியின் முகத்தைப் பார்த்தாள். தன் பிள்ளையே தன் சாவைத் தேடிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டு இவள் எப்படி உயிரோடிருப்பாள்?

"ஆமா அத்தை. ஆசைதான்."

செல்லியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இங்கயே சொல்லு. இனி சனிக்கிழமைக்கு சனிக்கிழமை பச்சைத்தண்ணி பல்லுல படாம வெரதம் இருப்பேன்னு சொல்லு. ஆயுசுக்கும்."

குமுதா மலையைப் பார்த்துக் கைகூப்பினாள். "இருக்கேன் அத்தை."

கிளியம்மாள் இறங்கி வந்தாள். கையில் துளசியும், காலியான மஞ்சள் துணியும். "போட்டுட்டேன் குமுதா. உம் பேரைச் சொல்லித்தான் போட்டேன்" என்றாள். துணியை மட்டுமாவது கேட்கலாமென்று குமுதாவுக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ் ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும் நேரம். சனிக்கிழமை அரைநாள் வேலை. மற்ற நாளெல்லாம் டிபன் கேரியரில் ஆறிய சோறு தின்பவன், அன்று மட்டும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். "நீயும் தட்டு வெச்சிக்கினு உக்காரு, அப்பதான் நான் கை வெப்பேன்" என்று அடம்பிடிப்பான். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

"ஏன் அழுவுற? பசிக்குதா?" என்றாள் கிளியம்மாள்.

"இல்லக்கா" என்றாள் குமுதா.